பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி: பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா?

செஞ்சி வட்டாரத்தில் நிலக்கடலை வயல்களைப் பார்க்கப் போனால், விவசாயிகள் என்னிடம் இலைப்புள்ளி நோய், ஜிப்சம், விதை பற்றித்தான் கேட்பார்கள். சில மாதங்களுக்கு முன் பாக்கம் மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயி என்னை வீட்டுக்கு அழைத்துப் போய், உரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். அவருடைய தாத்தா வாங்கிய ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி அது. இப்போது அப்பா பெயரில் லைசென்ஸ் இருக்கிறது. அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மூன்று தோட்டா போட்டால் ஒன்றுதான் வெடிக்கிறது. கட்டையில் விரிசல் விட்டு, கம்பி கட்டியிருந்தார்கள்.

"சார், இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல வித்துடலாமா? காட்டுப்பன்றி கடலையைக் கிளறுது. ஆனா இத வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னும் தெரியல" என்றார்.

நான் பயிர்க்காரன், துப்பாக்கி மெக்கானிக் இல்லை. ஆனாலும் இதே கேள்வி மேல்மலையனூர் பக்கமும் வந்திருக்கிறது, திருவண்ணாமலை பக்கமும் வந்திருக்கிறது. அதனால் சட்டத்தைப் படித்தும், லைசென்ஸ் பெற்றுப் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என் பதில் இதுதான். லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், குழல் நன்றாக இருக்க வேண்டும், துப்பாக்கிக்கு உண்மையிலேயே வேலை இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் பழுது பாருங்கள். ஒன்று குறைந்தாலும் விற்பதோ ஒப்படைப்பதோ நல்லது.

முதலில் லைசென்ஸ் புத்தகத்தைத் திறங்கள்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள். முடிவுத் தேதி என்ன? துப்பாக்கியின் வகையும் எண்ணும் குழலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? எஸ்.பி.பி.எல். என்றால் பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைக்குழல், டி.பி.பி.எல். என்றால் இரட்டைக்குழல், எஸ்.பி.எம்.எல். என்றால் முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. யு.ஐ.என். என்ற அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாடு முழுவதற்குமான தரவுத்தளத்தில் ஏற்றி அந்த எண் வாங்காத பழைய லைசென்ஸ் செல்லாது.

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லைசென்ஸின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகிவிட்டது. இது வசதிதான். ஆனால் 5 ஆண்டு என்பதால் பலர் தேதியை மறந்துவிடுகிறார்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

அப்பா இறந்துபோயிருந்தால் நிலைமை வேறு. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. கருமாதி முடிந்து ஆறு மாதம் கழித்தும் துப்பாக்கி மூலையில் நிற்கும். "அப்பா லைசென்ஸ்தான் இருக்கே" என்பார்கள். இறந்தவர் லைசென்ஸில் மகன் துப்பாக்கி வைத்திருப்பது, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்குச் சமம். அதற்கு இப்போதைய சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். நான் பார்த்த அந்தக் குடும்பத்துக்கு இந்த விதி தெரியாது.

இன்று அந்தத் துப்பாக்கிக்கு என்ன வேலை?

தாத்தா வாங்கிய காலத்தில் கேள்வியே இல்லை. பன்றி வந்தால் சுட்டார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் தருவது ஆயுதச் சட்டம். எந்த விலங்கைக் கொல்லலாம் என்று சொல்வது வனவிலங்குச் சட்டம். ஒன்றில் அனுமதி இருப்பதால் மற்றதிலும் இருப்பதாக அர்த்தமில்லை. பல விவசாயிகள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்குத் தனி ஏற்பாடு அறிவித்தார்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர்தான், நீங்கள் அல்ல. பாக்கம் மலையை ஒட்டிய ஊர்களில் பல வயல்கள் முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் துப்பாக்கியால் பன்றியைச் சுட முடியாது. மிஞ்சுவது சத்தம் போட்டு விரட்டும் வேலை. முதல் சில நாள் பன்றி ஓடும். அடிபடவில்லை என்று தெரிந்ததும் பழகிவிடும். பிறகு ஒவ்வொரு இரவும் தோட்டாச் செலவுதான் மிச்சம். இதை நம்பி ஆயிரக்கணக்கில் பழுதுச் செலவு செய்வதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். தனியாகக் கொல்லைவீட்டில் இருப்பவர்கள் தற்காப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். அங்கே வேலை செய்யாத துப்பாக்கி இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல், அல்லது சரியாகப் பழுது பார்க்க வேண்டும்.

திருவிழாவில் ஒரு வேட்டு போட வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கோயில், கல்யாணம், கூட்டம் என்று கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 முதல் அதற்குத் தனித் தண்டனையே இருக்கிறது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குழல்தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரி

லைசென்ஸும் வேலையும் சரியென்றால், அடுத்து குழல். கட்டை உடைந்தால் மாற்றலாம். ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றலாம். தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும் ஊசி தேய்ந்தால் மாற்றலாம். குழல் கெட்டால் மலிவான ஒற்றைக்குழல் துப்பாக்கியில் மாற்றிக் கட்டுப்படியாகாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். வீட்டில் இருக்கும் தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். முன்வாயில் கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் உள்ளே பழைய மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதை வீட்டில் சோதிக்கவே வேண்டாம், நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

குழலைத் தனியாகக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். பல ஆண்டு எடுக்காத துப்பாக்கியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். இதை எளிதாக நினைக்காதீர்கள். ஒரு கைப்பிடி மண் அடைத்துக்கொண்டிருந்தாலே குழல் வெடித்துவிடும். சுத்தம் செய்த பிறகு உள்சுவர் கண்ணாடி போல் பளபளத்தால் நல்லது. லேசான பழுப்புத் துரு துடைத்தால் போய்விடும். அம்மைத் தழும்பு போல் குழிகள் இருந்தால், குறிப்பாகத் தோட்டா உட்காரும் பின்பகுதியில் இருந்தால், அந்தத் துப்பாக்கியை இனிச் சுடக் கூடாது. வெடிக்கும்போது அழுத்தம் அதிகமாக இருப்பது அங்கேதான், பிடிக்கும் கையும் முகமும் இருப்பதும் அங்கேதான்.

உள்ளே வட்டமாக ஒரு நிழல் வளையம் தெரிந்தால் குழல் அந்த இடத்தில் உப்பியிருக்கிறது. வெளியே விரலால் தடவினாலும் தெரியும். எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாய்ப்பக்கம் உப்பியிருந்தால், "அரையடி அறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதே ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றம். இந்த வகைத் துப்பாக்கிக்குச் சட்டம் சொல்லும் குழல் நீளம் குறைந்தது 20 அங்குலம்.

பிறகு மாட்டிப் பாருங்கள். மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டினால் கீல் பக்கம் ஆட்டம் இருக்கிறதா? மூடிய இடத்தில் வெளிச்சம் தெரிகிறதா? லேசான ஆட்டத்தைப் பழுது பார்ப்பவர் சரி செய்வார். வெளிச்சம் தெரியும் அளவு இடைவெளி இருந்தால் அது செலவு பிடிக்கும் வேலை.

தோட்டா அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாகப் பிரித்தால் ஒரு உருண்டை நுழையும் குழல், ஏறக்குறைய 18.5 மி.மீ. விட்டம். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டாக்கள். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.தான். 70 மி.மீ. என்பது வெடித்து விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் வெடிக்காத தோட்டா 65 மி.மீ. அறையிலும் சுலபமாக உட்காரும். "நுழையுதே" என்று போட்டுச் சுட்டால், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இது வெளிப்பார்வைக்குத் தெரியாது, கருவி வைத்து அளக்க வேண்டும். இன்னும் பழைய சில குழல்களில் மரத்தின் ரேகை போலவோ பாம்புத் தோல் போலவோ வரிகள் ஓடும். இரும்புப் பட்டையை முறுக்கிச் சுற்றிச் செய்தவை அவை. கருமருந்து காலத்துக்காகச் செய்த அந்தக் குழலில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது.

தோட்டா வெடிக்காமல் போவது மட்டும்தான் பிரச்சினை என்றால் பயப்பட வேண்டாம். வெடிக்காத தோட்டாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஊசி குத்திய பள்ளம் மேலோட்டமாக இருந்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ பலவீனம். சின்ன வேலை. பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பழுது துப்பாக்கியில் இல்லை, ஈரம் பட்ட பழைய தோட்டாவில். எனக்குத் தெரிந்து ஒருவர் பத்து வருடத் தோட்டாவை வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியிருந்தாலும் விசையை இழுத்து வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும்.

பழுது யாரிடம்?

ஊர்ப் பட்டறையில் கலப்பைக் கொழுவும் டிராக்டர் ஊக்கும் அடித்துத் தருபவர் கைத்திறன் உள்ளவர்தான். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் பழுது பார்ப்பது 7 ஆண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். அவரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறீர்கள். சட்டத்தை விடுங்கள், குழலில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்து இரும்பின் பதம் கெட்டுவிடும். வெல்டிங் வைத்த குழலை நான் ஒன்று பார்த்திருக்கிறேன். அதைச் சுட்டவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை.

செஞ்சிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நமக்குப் புதுச்சேரி பக்கம், விதை, உதிரிப் பாகம் எல்லாம் வாங்கப் போய் வருகிறோம். துப்பாக்கியை அப்படி எடுத்துப் போக முடியாது. உங்கள் லைசென்ஸ் மாவட்டத்துக்கா, தமிழ்நாடு முழுவதற்குமா, இந்தியா முழுவதற்குமா என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் புதுச்சேரி எல்லையைத் தாண்டினாலே மீறல். மாவட்டத்துக்கு மட்டும் என்றால் திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் எடுத்துச் செல்ல, முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

வயதான அப்பாவால் பஸ் ஏற முடியாது என்றால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு மகன் பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். சட்டத்தின் 3-ஆம் பிரிவே இதற்கு இடம் கொடுக்கிறது. கடிதமும் லைசென்ஸ் அசலும் கையில் இருக்கட்டும். தோட்டா வேண்டாம்.

கணக்கு

பழைய மலிவுத் துப்பாக்கிக்கு விலை கிடைக்காது. வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. "தாத்தா காலத்துப் பொருள், லட்சம் போகும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பெயர்பெற்ற கம்பெனியின் இரட்டைக்குழலுக்கு ஒருவேளை தேடி வருவார்கள். சாதாரண ஒற்றைக்குழலுக்கு வர மாட்டார்கள்.

ஒரே கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். இப்படியே கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்? பழுது பார்த்தால் எவ்வளவு ஆகும்? ஒரு பேச்சுக்கு, 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், பழுதுக்கு 2,000 ஆகும் என்கிறார் என்று வையுங்கள். குழலும் நன்றாக இருந்து, வேலையும் இருந்தால் பழுது பார்க்கலாம். பழுதுக்கே 5,000 என்றால் விட்டுவிடுங்கள். விற்பதற்காகப் பழுது பார்ப்பது பெரும்பாலும் நட்டம். 2,000 செலவழித்தால் விலை 2,000 ஏறாது. கிடாரி மாட்டை விற்கும் முன் தீனி போட்டுத் தேற்றுவது போன்ற கணக்கு இங்கே ஓடாது.

அடுத்த செலவுகளையும் சேருங்கள். புதுப்பிக்கும் கட்டணம், அதற்கான அலைச்சல், தோட்டா, பூட்டி வைக்கப் பெட்டி, தேர்தல் வரும்போதெல்லாம் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவது. அதே பணத்தை வேலிப் பக்கம் போட்டால் என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள். சூரியசக்தி வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று கேட்கலாம். மின்வேலி அமைக்க 2023 விதிகளின்படி பதிவு நடைமுறை உண்டு, வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பன்றி விரட்டியும் இருக்கிறது. சேதம் நடந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இழப்பீட்டு மனு கொடுங்கள். துப்பாக்கி இல்லையே என்று அவுட்டுக்காய் வைப்பதும், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பதும் கொலைக் கேஸில் முடியும் வேலைகள்.

விற்பது என்று முடிவெடுத்தால்

தனி ஆளுக்கு விற்பதானால், அவரிடம் அந்த வகைத் துப்பாக்கிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கப் போகிறேன், வாங்குபவர் பெயர் முகவரி இது என்று ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கை மாறலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு "வச்சிரு, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது கூடாது. கடனுக்கு ஈடாக வைப்பதும், பக்கத்துக் கொல்லைக்காரருக்கு ஓர் இரவு இரவல் கொடுப்பதும் அப்படியே.

என்னைக் கேட்டால் லைசென்ஸ் பெற்ற கடைக்கே கொடுங்கள் என்பேன். விலை சற்றுக் குறையும், தலைவலி குறையும். துப்பாக்கி எண் எழுதிய ரசீது வாங்குங்கள். அதோடு வேலை முடியவில்லை. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் ரசீதைக் காட்டி, லைசென்ஸிலிருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். மீதமிருக்கும் தோட்டாவையும் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லும் துப்பாக்கிகள் உண்டு. அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து லைசென்ஸை ரத்து செய்யக் கேட்கலாம். கிணற்றில் போடுவதோ, உடைத்து இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதோ கூடாது. பிறகு என்றாவது கணக்குக் கேட்டால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று மட்டும். உரச்சாக்கில் சுற்றாதீர்கள். உர உப்பு ஈரத்தை இழுத்து ஒரே மழைக்காலத்தில் குழலைத் தின்றுவிடும். உள்ளும் வெளியும் மெல்லிய எண்ணெய் தடவி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன்னும் எண்ணெய் தடவியே கொடுங்கள். திரும்ப வர மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த விவசாயி மகன் கையில் கடிதம் கொடுத்து அனுப்பிப் பார்த்தார். ஊசி மாற்றுவது சின்ன வேலைதான் என்றார்கள். ஆனால் தோட்டா அறைக்குச் சற்று முன்னால் குழிகள் ஆழமாக விழுந்திருந்தன. கம்பி கட்டிய கட்டையோடு அப்படியே கடையில் கொடுத்துவிட்டார்கள். கிடைத்த பணம் வேலிக் கல் நான்கைந்து வாங்கத்தான் போதும் என்றார். அப்பாவுக்கு மட்டும் இரண்டு நாள் மனசு சரியில்லையாம். ரசீதை நிலத்துப் பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.